இராக் போரை நான் ஆதரித்தேன்

இராக் போரைப் பற்றிப் பேச்சு வந்தால் இப்போது எல்லாரும் "நான் அப்பவே எதிர்த்தேன்" என்கிறார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். 2003 மார்ச்சில் சதாம் உசேனை அகற்ற அமெரிக்கா இராக்கின் மேல் போர் தொடங்கியபோது நான் அதை ஆதரித்தேன். அரைமனதாக அல்ல, நண்பர்களோடு சண்டை போட்டு ஆதரித்தேன்.

காரணம் ஹலப்ஜா. 1988 மார்ச் 16 அன்று இராக் அதிபர் சதாம் உசேனின் விமானங்கள் அந்தக் குர்து ஊரின் மேல் விஷவாயுக் குண்டுகளைப் போட்டன. ஏறக்குறைய 5,000 பேர் செத்தார்கள். கைக்குழந்தையை அணைத்தபடியே தரையில் விழுந்து கிடந்த ஒருவரின் படத்தைப் பார்த்திருந்தேன். இப்படிக் கொன்றவனை யார் அகற்றினால் என்ன என்று நினைத்தேன். அந்தக் கோபம் தப்பு என்று இன்றும் சொல்ல மாட்டேன். அவன் போன மறுநாள் அந்த ஊர்களில் யார் தண்ணீர் விடுவார்கள், யார் சம்பளம் கொடுப்பார்கள் என்று ஒரு தடவைகூட யோசிக்காததுதான் என் தப்பு.

ஏமாற்றப்பட்டோம் என்று சொல்லித் தப்பிக்கவும் மனம் வரவில்லை. சதாமிடம் பேரழிவு ஆயுதங்கள் இருக்கின்றன என்று ஐ.நா. பாதுகாப்பு சபையில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் சின்னக் குப்பியைத் தூக்கிக் காட்டியதை நம்பினேன், சரி. ஆனால் அந்த ஆயுதங்களைத் தேடிய ஐ.நா. குழுவின் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸின் ஆய்வாளர்கள் இன்னும் சில மாதம் கொடுங்கள் என்று கேட்டதும் அதே செய்திகளில்தானே வந்தது? எனக்கு அது இழுத்தடிப்பாகத் தெரிந்தது. ஆயுதம் எதுவும் கிடைக்கவில்லை என்றதும் "கொடுங்கோலன் போனானே, அது போதாதா" என்றேன். 2004இல் அபு கிரைப் சிறையில் அமெரிக்கச் சிப்பாய்கள் இராக்கியக் கைதிகளை வதைத்த படங்கள் வந்தபோது "நாலு சிப்பாய்கள் செய்தது" என்றேன். எது வந்தாலும் என்னிடம் ஒரு பதில் இருந்தது.

2006இல் வேலைக்காக வளைகுடாவுக்குப் போனேன். பக்கத்து மேசையில் ஒரு பாக்தாத்காரர். கணக்குப் பிரிவு, என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். தினமும் மதியம் அம்மாவுக்கு போன் போடுவார். அவர் முதலில் கேட்பது எப்போதும் ஒன்றுதான் என்பது என் அரைகுறை அரபிக்கே சில வாரங்களில் பிடிபட்டது. நல்லா இருக்கியா என்று கேட்க மாட்டார். இன்றைக்கு கரண்ட் எத்தனை மணி நேரம் வந்தது என்பார். அப்புறம், தம்பி வீட்டில்தானே இருக்கிறான் என்பார். ஷியாக்கள் புனிதமாகக் கருதும் சமர்ரா மசூதியைக் குண்டு வைத்துத் தகர்த்தபின் பாக்தாத் தெருக்களில் தினம் தினம் பிணம் விழுந்த வருடம் அது.

தம்பி இராக் ராணுவத்தில் லாரி மெக்கானிக்காக இருந்தவன். 2003 மே 23 அன்று, இராக்கை நிர்வகிக்க அமெரிக்கா அனுப்பிய பால் பிரெமர் ஒரே உத்தரவில் அந்த ராணுவத்தையே கலைத்தார். லட்சக்கணக்கானவர்களுக்கு ஒரே நாளில் வேலை போனது. அந்தச் செய்தி வந்த அன்று, சதாமின் ராணுவம்தானே, ஒழியட்டும் என்று பேசியவன் நான். அப்படி ஒழிந்தவர்களில் ஒருவன்தான் இந்தத் தம்பி.

ஒருநாள் மதியம் அவர் போனை எடுத்தார். எதுவும் கேட்கவில்லை. கரண்டைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு வைத்தார். தம்பியை மூன்று நாளாகக் காணோம். கடைசிவரை அவன் கிடைக்கவே இல்லை.

சில மாதம் கழித்து அவரே கேட்டார், போர் தொடங்கியபோது உங்கள் ஊரில் என்ன நினைத்தீர்கள் என்று. எங்கள் நாடாளுமன்றமே கண்டனத் தீர்மானம் போட்டது என்றேன். அது உண்மைதான், 2003 ஏப்ரலில் போட்டார்கள். அவர் என் தோளைத் தட்டிக் கொடுத்தார். நான் என்ன நினைத்தேன் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். அந்தத் தட்டு இன்னும் தோளில் இருக்கிறது.

வால்டர் ஜோன்ஸ் என்று ஓர் அமெரிக்க எம்.பி. இருந்தார். குடியரசுக் கட்சிக்காரர், வட கரோலினா. போருக்கு ஓட்டுப் போட்டவர். பிரான்ஸ் எதிர்த்த கோபத்தில் அமெரிக்க நாடாளுமன்ற கேன்டீனில் பிரெஞ்ச் ஃப்ரைஸுக்கே பெயர் மாற்ற வைத்தவர். போரில் செத்த ஒரு சிப்பாயின் இறுதிச் சடங்குக்குப் போய்வந்தபின் அவருக்குள் ஏதோ உடைந்தது. 2005இல் படைகளைத் திரும்பக் கூப்பிடச் சொல்லி வெளிப்படையாக நின்றார், சொந்தக் கட்சியையே எதிர்த்து. இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 10,000-க்கும் மேல் கடிதங்களில் தானே கையெழுத்துப் போட்டு அனுப்பினார். 2019இல் சாகும்வரை தன் ஓட்டை மறைக்கவில்லை. அவருடைய மற்ற அரசியலோடு எனக்கு ஒத்துப்போகாது. ஆனால் மனம் மாறியதை எப்படிச் சொல்வது என்று அவரிடம்தான் பார்த்தேன். மாறியபிறகு, முன்பு நின்ற இடத்தை அழித்துவிடுவது எனக்குச் சுலபமாக இருந்தது. அவர் அழிக்கவில்லை.

அந்த பாக்தாத்காரர் இப்போது அக்காவோடு ஸ்வீடனில் இருக்கிறார். பெருநாளுக்கு வாழ்த்து அனுப்புவார், நானும் அனுப்புவேன். நான் அன்று பாதி பதில்தான் சொன்னேன் என்று நேற்று இரவு அவருக்கு எழுதினேன். பார்த்துவிட்டார். பதில் இன்னும் வரவில்லை.