முகாமுக்கு உளவளத்துணையாளரை அனுப்பும் முன்

ஒவ்வொரு பேரிடருக்குப் பிறகும் கொழும்பில் நடப்பது ஒரே வரிசைதான். முதலில் சோற்றுப் பார்சல் வரும். அடுத்து பாய், தலையணை, பால்மா, பிள்ளைகளுக்குக் கொப்பிகள். கொஞ்ச நாள் கழித்து யாராவது ஒருவர், "இவர்களுக்குக் கவுன்சிலிங் கொடுக்க வேண்டும்" என்பார். 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி இலங்கையில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோதும் இதுதான் நடந்தது.

அந்தப் பேச்சு வருவதே எனக்கு ஆறுதல்தான். சோறும் கூரையும் கொடுத்துவிட்டால் மனசு தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்த காலத்தைத் தாண்டியிருக்கிறோம். ஆனால் அந்த உதவி தமிழ் பேசும் சனங்களிடம் வந்து சேரும் விதத்தை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. முன்னால் இருப்பவர் எந்த மொழியில் அழுகிறார், இறந்துபோன தன் ஆளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்து முடித்தாரா என்ற இரண்டையும் கேட்காமல் தொடங்கும் உளவளத்துணையால், அதாவது கவுன்சிலிங்கால், பெரிதாக எதுவும் ஆகாது என்பதுதான் என் கருத்து.

களனி கங்கை பெருகினால் முதலில் மூழ்குவது வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கம். 2016 மே மாதத்திலும் மூழ்கியது, 2025 நவம்பரிலும் மூழ்கியது. அங்கே ஒரு பாடசாலையில் தங்கியிருந்தவர்களைப் பார்க்கப் போன குழுவோடு மொழிபெயர்ப்புக்கு நானும் போயிருந்தேன். நான் ஒரு வகுப்பறையில் இருந்த நேரம் அடுத்த வகுப்பறையில் ஒரு தமிழ் அம்மாவிடம் பேச்சு தொடங்கிவிட்டது. உளவளத்துணையாளர் சிங்களப் பெண், மிகவும் தன்மையானவர், வேலை தெரிந்தவர். அம்மாவுக்குச் சிங்களம் கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான் தெரியும். பன்னிரண்டு, பதின்மூன்று வயது மகள் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். நித்திரை வருகிறதா, சாப்பாடு இறங்குகிறதா என்பது வரை ஒரு மாதிரிப் போயிற்று. பிறகு, வாழப் பிடிக்காத எண்ணம் வருகிறதா என்ற கேள்வி. அந்தப் பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். அம்மா உடனே, "ஒண்ணும் இல்லன்னு மிஸ்கிட்ட சொல்லு" என்றார். போர்மில் 'இல்லை' என்று பதிவானது.

எந்தத் தாய் தன் பிள்ளையின் வாயால் அதற்கு 'ஆம்' என்று சொல்லுவாள்? அந்த உளவளத்துணையாளரில் எனக்குக் கோபம் இல்லை. கையில் இருந்த ஆட்களை வைத்து அவர் செய்தார். ஆனால் 1987 இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஏறத்தாழ நாற்பது வருடம் ஆகப்போகிறது. தலைநகரத்தில், அதுவும் ஆண்டாண்டு வெள்ளம் வரும் என்று எல்லோருக்கும் தெரிந்த இடத்தில், தமிழில் பேசும் ஓர் உளவளத்துணையாளர் யார், அவரை எந்த நம்பரில் கூப்பிடுவது என்ற பட்டியல் முன்கூட்டியே இருக்க வேண்டாமா? பிள்ளையையோ பக்கத்து வீட்டுக்காரரையோ மொழிபெயர்ப்பாளராக இருத்துவது கூடவே கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் புருஷன் அடிப்பதை யார் சொல்லுவார்?

அப்புறம் நம் சனங்கள் சொல்லும் விதம். "மன அழுத்தமாக இருக்கிறது" என்று யாரும் சொல்வதில்லை. நெஞ்சு அடைக்கிறது, தலை இறுகுகிறது, உடம்பெல்லாம் எரிகிறது, ஒரே யோசனை, இரவில் பெருமூச்சு வருகிறது என்பார்கள். இதை மேலோட்டமாகக் கேட்கிறவர் பனடோல் கொடுத்து அனுப்பிவிடுவார். ஆங்கிலத்திலிருந்து சிங்களத்துக்கும் அங்கிருந்து தமிழுக்கும் வந்து சேர்ந்த கேள்வித்தாளை வைத்து இதையெல்லாம் பிடிக்க முடியாது. யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் அவருடன் வேலை செய்தவர்களும் யுத்த காலத்திலேயே இதை எழுதிவைத்திருக்கிறார்கள். தனிமனிதரின் மனக்காயத்தை மட்டும் பார்க்காமல் குடும்பம், ஊர் என்று சமூகமாகப் பட்ட காயத்தைப் பார்க்கச் சொன்னவர்கள் அவர்கள். அந்த அனுபவம் முழுக்க நம் நாட்டிலேயே, நம் மொழியிலேயே இருக்கிறது. கொழும்பில் திட்டம் போடுகிறவர்கள் வடக்கிலும் கிழக்கிலும் இதைச் செய்து பழகியவர்களை ஏன் கூப்பிடுவதில்லை என்று எனக்கு விளங்கவே இல்லை.

2004 சுனாமியில் நாம் பட்டது போதாதா? இலங்கையில் மட்டும் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உதவ வேண்டும் என்ற நல்ல மனதோடு வெளிநாடுகளிலிருந்து எத்தனையோ பேர் வந்து இறங்கினார்கள். சில வாரங்களே இருந்தார்கள். நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள், பிள்ளைகளைக் கடலை வரையச் சொன்னார்கள். பேசினால் பாரம் இறங்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. அதிர்ச்சிக்கு உள்ளானவரை உடனே உட்காரவைத்து ஒரே அமர்வில் நடந்ததையெல்லாம் கொட்டச் சொல்வதால் பின்னால் வரும் மனப்பாதிப்பைத் தடுக்க முடிவதில்லை, சிலருக்கு அதுவே கெடுதலாகவும் முடியலாம் என்பது சுனாமிக்கு முன்பே, 2002 இல் வெளிவந்த கொக்ரேன் மீளாய்வில் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் அறிக்கை) இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் அந்த முறை வேண்டாம் என்றுதான் சொல்கிறது. 2011 இல் அது வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு மூன்று காரியத்தைச் சொல்கிறது: பார், கேள், இணை. ஆபத்து யாருக்கு என்று பார். சொல்ல விரும்பினால் கேள், தோண்டாதே. சொந்தக்காரரோடும் சேவைகளோடும் அவரை இணைத்துவிடு.

இந்த 'இணை' என்பதில்தான் நம் சடங்குகள் வருகின்றன என்று நான் நினைக்கிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒரு சாவு வீட்டில் நாம் என்ன செய்கிறோம்? சனம் வந்து நிறைகிறது. பெண்கள் கட்டிப்பிடித்து அழுகிறார்கள், ஒப்பாரி சொல்கிறார்கள். அடுப்பு மூட்டாத வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் சோறு கொண்டுவருகிறார்கள். எட்டுச்செலவு, அந்தியேட்டி, மலையகத்தில் கருமாதி, ஆண்டுத் திவசம் என்று ஒரு வருடம் வரை துக்கத்துக்கு நாள் குறித்திருக்கிறது. முஸ்லிம் வீட்டில் கணவனை இழந்தவர் நாலு மாதம் பத்து நாள் இத்தா (அந்நிய ஆண்கள் முன் வராமல் துக்கம் காப்பது) இருப்பார். கிறிஸ்தவ வீட்டில் ஏழாம் நாள், முப்பத்தோராம் நாள் பூசை. அழுவதற்கு ஒரு காலம், கூட இருக்க ஆட்கள், மெதுவாக வெளியே வர ஒரு வழி எல்லாம் இதற்குள் இருக்கிறது. பேரிடரில் ஆளோடு சேர்த்து இதுவும் போய்விடுகிறது. உடல் மண்ணுக்குள், வீடு தண்ணீருக்குள், சொந்தக்காரர் வேறு முகாமில், பக்கத்துப் பாயில் முன்பின் தெரியாதவர். ஐயரைக் கூப்பிட எங்கே போவது? இத்தா இருக்கும் பெண் அந்நிய ஆண்களோடு சோற்று வரிசையில் நிற்க வேண்டும். அவரையும் வட்டமாக உட்காரவைத்து எல்லோரோடும் கைகோத்து ஒரு 'பயிற்சி' செய்யச் சொன்னால் அவர் எழுந்து போகத்தான் செய்வார். உடனே ஒத்துழைக்கவில்லை என்று குறிப்பு எழுதப்படும்.

உடல் கிடைக்காதவர்களுக்கு இன்னும் கொடுமை. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளை) மண் மூடியபோது உடல்கூடக் கிடைக்காத குடும்பங்கள் இருந்தன. டித்வாவிலும் அப்படித்தான். செத்துவிட்டார் என்று சொல்ல வாய் வராது, வருவார் என்று காத்திருக்கவும் முடியாது. உடல் இல்லாத இடத்தில் தர்ப்பையால் உருவம் செய்து கிரியை செய்யும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. முஸ்லிம்களிடம் காயிப் ஜனாஸா தொழுகை இருக்கிறது. தேவாலயத்தில் இறந்தோருக்கான திருப்பலி இருக்கிறது. குடும்பம் தயாராகும்போது (அவசரப்படுத்தாமல்) இவற்றுக்கு ஓர் இடமும், கொஞ்சக் காசும், ஒரு குருக்களையோ மௌலவியையோ ஃபாதரையோ அழைத்துவர ஒரு வாகனமும் ஏற்பாடு செய்து கொடுங்கள். என்னைக் கேட்டால் இதுவும் உளவளத்துணைச் செலவில் சேர வேண்டும்.

சடங்கைத் தடுத்தால் என்ன ஆகும் என்று இந்த நகரத்துக்குத் தெரியாதா? கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்களைப் பெற்றவர் கெஞ்சக் கெஞ்ச எரித்தார்கள். பிறந்து 20 நாளே ஆன ஒரு குழந்தையையும் 2020 டிசம்பரில் பொரளையில் எரித்தார்கள். 2021 பெப்ரவரியில் அந்தக் கட்டாயம் நீங்கி, ஓட்டமாவடியில் அடக்க விட்டார்கள். 2024 இல்தான் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. அந்தப் பெற்றோருக்கு எந்த உளவளத்துணையாளர் வந்து என்ன சொல்லியிருக்க முடியும்? நோய் கொடுத்த துக்கத்துக்கு மேல் அரசு கொடுத்த துக்கம் அது.

இன்னொரு கூட்டத்தைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. முகாமிலேயே இல்லாதவர்கள். புறக்கோட்டைக் கடைகளிலும் வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடைகளிலும் வீட்டு வேலைகளிலும் இருக்கும் மலையகத்துப் பிள்ளைகள். டித்வா வந்த நாட்களில் மலையகத்தில் பல இடங்களில் போன் வேலை செய்யவில்லை. பாதைகளும் இல்லை. இவர்கள் இங்கே மூட்டை தூக்கிக்கொண்டே வீட்டுக்குப் போன் எடுத்து எடுத்துப் பார்த்தார்கள். நான் சாமான் வாங்கும் ஒரு கடையில் நிற்கும் தம்பி, மண்சரிவில் தன் சித்தியையும் அவர் பிள்ளையையும் இழந்தவன். அடக்கத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. பிறகு கடையில் வைத்து, "தூக்கமே வர்றதில்லக்கா. மழ பேஞ்சா போதும், எந்திரிச்சி உக்காந்துக்குவேன். நான் அங்க இருந்திருந்தா இழுத்துட்டு வந்திருப்பேன்ல?" என்றான். கொழும்பு மாவட்டத்துப் பட்டியலிலும் அவன் இல்லை, ஊர்ப் பட்டியலிலும் இல்லை. ஏனென்றால் அவன் 'பாதிக்கப்பட்டவன்' இல்லையாம். கருமாதிக்குப் போய்வர முதலாளியிடம் லீவு வாங்க முடிந்தால் அதுவே அவனுக்குப் பெரிய உதவியாக இருந்திருக்கும். கடைக்காரர் சங்கங்கள் இதையாவது செய்யலாம். ஊரில் சாவென்றால் சம்பளத்தோடு சில நாள் லீவு என்பது சலுகையில் சேராது.

சரி, மரபு என்றால் எல்லாம் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. புருஷனைப் பறிகொடுத்தவளை "ராசியில்லாதவள்" என்று மூலையில் வைப்பதும் நம் மரபுதான். ஆண்பிள்ளை அழக்கூடாது என்று சொல்லி அவனைக் கசிப்பின் (கள்ளச்சாராயத்தின்) பக்கம் தள்ளிவிடுவதும் நாம்தான். மனநோய் என்றால் "அங்கொடைக்கு அனுப்ப வேண்டிய கேஸ்" என்று சிரிப்பதும் நம் வாய்தான். 1990களின் நடுவில் உலகத்திலேயே மிக அதிகமாகத் தற்கொலை நடந்த நாடுகளில் ஒன்றாக இலங்கை இருந்ததை மறக்கக் கூடாது. வாரக்கணக்கில் நித்திரையும் சாப்பாடும் இல்லாதவரை, சாவைப் பற்றியே பேசுகிறவரை, இல்லாத குரல் கேட்கிறது என்பவரைப் பூசையோடு மட்டும் விட்டுவிடாதீர்கள், டொக்டரிடம் கூட்டிப்போங்கள். தண்ணீர் ஓதிக் கொடுப்பதும் நூல் கட்டுவதும் அவருக்குத் தெம்பு தந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், மருந்தை மட்டும் நிறுத்த விடாதீர்கள். அங்கொடையில் இருக்கும் தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம் 1926. எடுத்ததும் தமிழில் பேச வேண்டும் என்று கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை.

யுத்தமோ கலவரமோ கண்ட இடங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனநலப் பிரச்சினை இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மற்ற நாலு பேருக்கும் துக்கம் இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. அவர்களுக்கு வேண்டியது பெரும்பாலும் சொந்தங்களும் வருமானமும் காணி உறுதியும் பாதுகாப்பான ஒரு வீடும்தான். லயத்துக்கு மேலே இன்னும் மலை நிற்கும்போது "பயப்படாதீர்கள்" என்று சொல்லி மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும். அதற்கு முன் கொலன்னாவைப் பக்கத்துக்கும் கொழும்பு வடக்குக்கும் ஒரு பட்டியல் தயாராக வேண்டும். தமிழில் வேலை செய்யக்கூடிய உளவளத்துணையாளர்கள், இரகசியம் காக்கப் பழகிய மொழிபெயர்ப்பாளர்கள், முகாமுக்கு வரச் சம்மதிக்கும் குருக்கள்மார், மௌலவிமார், ஃபாதர்மார், சிஸ்டர்மார். பிரதேச செயலகம் செய்யும் என்று காத்திருக்காமல் நாமே எழுதிக் கொண்டுபோய்க் கொடுப்போம். வரக்கூடியவர்கள் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள், எந்த நாட்களில் வரலாம் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.