கடைசி ராத்திரி கை தூக்கச் சொல்லாதீர்கள்

ஏப்ரலில் பரீட்சை முடிந்ததும் நெல்லைச் சீமையில் சபைகளில் சின்னப் பிள்ளைகளுக்கு வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி தொடங்கிவிடும். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு மே மாதத்தில் வாலிபர் முகாம். விடுமுறையில் காலியாகக் கிடக்கும் ஏதாவது ஒரு பள்ளி விடுதிதான் இடம். இந்த வருஷமும் லீடராக வரச் சொல்லியிருக்கிறார்கள். போவேன். போவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன்: கடைசி ராத்திரி பிள்ளைகளைக் கை தூக்கச் சொல்வதை நிறுத்துவோம்.

முகாமுக்குப் போனவர்களுக்குத் தெரியும். தேவசெய்தி, அதாவது பிரசங்கம், முடிந்ததும் பாதி விளக்கை அணைப்பார்கள். கீபோர்டு மெதுவாக வாசிக்கும். "எல்லாரும் கண்களை மூடுங்கள். வாழ்க்கையை ஒப்புக்கொடுக்கிறவர்கள் கையை உயர்த்துங்கள்." அப்புறம், "மிஷனரியாகப் போக ஆயத்தமாயிருக்கிறவர்கள் எழுந்து நில்லுங்கள்." ஒரு பிள்ளை விசும்பும், பக்கத்துப் பிள்ளை அழும், கொஞ்ச நேரத்தில் ஹால் முழுக்க அழுகை. பின்னால் நிற்கிற லீடர்கள் கைகளை எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். கண்ணை மூடச் சொன்னது பிள்ளைகளுக்கு மட்டும்தான்.

அந்த அழுகை பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாள்கணக்காகச் சரியாகத் தூங்காமல், வெயிலில் ஓடியாடிக் களைத்த பிள்ளைகள் அவர்கள். என் குரூப்பில் ஒரு பத்தாம் வகுப்புப் பையன் கேட்டான்: "அண்ணே, போன வருஷமும் எந்திச்சேன். இந்த வருஷமும் எந்திக்கணுமா, இல்ல அதுவே போதுமா?" கிண்டல் இல்லை, நிஜமான சந்தேகம். மேடையில் இதற்கு யாரும் பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

எழுந்து நிற்க வைப்பதற்கு நம் மண்ணின் பெருமையைத்தான் சொல்வார்கள். சரி, அதையே பார்ப்போம். வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்தவர், பின்னாளில் பிஷப்பான அசரியா. 1902-ல் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே மிஷனரிகளை அனுப்புவதைப் பார்த்து, நம்மவர்கள் ஏன் செய்யவில்லை என்ற கேள்வியோடு திரும்பினார். அடுத்த வருஷம் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் உருவானது. அப்போதும் அவர் ஒய்.எம்.சி.ஏ. என்கிற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் செயலராகத்தான் இருந்தார். தெலுங்கு நாட்டிலுள்ள டோர்னக்கல்லுக்கு அவரே மிஷனரியாகக் கிளம்பியது 1909-ல். சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவருக்கே ஆறு வருஷம் ஆகியிருக்கிறது. நாம் பதினாலு வயசுப் பிள்ளையிடம் ஒரு பாட்டு முடிவதற்குள் பதில் கேட்கிறோம்.

கைகளை எண்ணுகிற நாம் அந்தக் கைகளில் என்ன கட்டியிருக்கிறது என்று பார்க்கிறோமா? இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் ஜாதிக்கொரு நிறத்தில் கயிறு கட்டும் பழக்கம் ஊரறிந்தது. 2023-ல் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் வெட்டப்பட்ட பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு, அந்தக் கயிறுகளுக்குத் தடை வேண்டும் என்று 2024-ல் பரிந்துரைத்தது. நம் பிள்ளைகள் வேறு பள்ளியிலா படிக்கிறார்கள்? முகாமில் ஊர்வாரியாக அறை ஒதுக்கினால் பல சமயம் அது ஜாதிவாரியாக ஒதுக்கியதாகவே முடியும், ஏனென்றால் நம் சபைகள் பலவும் அப்படித்தான் இருக்கின்றன. எந்தக் கமிட்டியும் வாய்விட்டுச் சொல்லாது. பாயைக் கலந்து போடுவது, அதற்காக முறைக்கிற பையனோடு சாப்பாட்டு வரிசையில் நிற்பது, யார் யாருடைய தட்டில் கை வைக்கிறான் என்று கவனிப்பது, லீடர் வேலை இதுதான். இதற்குக் கீபோர்டு தேவைப்படாது.

இன்னொன்று. அழுது முடித்த பிள்ளை சில நேரம் வீட்டிலோ பள்ளியிலோ தனக்கு நடந்த கொடுமையைச் சொல்லும். வருகிற லீடர் பலரும் கல்லூரிப் பிள்ளைகள். அவர்களுக்கு ஆக்ஷன் சாங் சொல்லிக்கொடுக்கிறோம், இதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. பாலியல் கொடுமை என்றால், 2012 போக்சோ சட்டப்படி தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். ஜெபித்து அனுப்பிவிடுகிற விஷயமில்லை. குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐ ஒவ்வொரு லீடரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

"கை தூக்காவிட்டால் முகாமின் பலன் எப்படித் தெரியும்?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். மே மாதம் தெரியாதுதான். ஆகஸ்டில் போய்ப் பாருங்கள். போன வருஷம் சாத்தான்குளம் பக்கம் என் குரூப் பையன் ஒருவன் வீட்டுக்கு பஸ் ஏறிப் போனேன். முகாமைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, காலாண்டுத் தேர்வுக் கணக்கைப் பற்றியே புலம்பினான். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். கிளம்பும்போதுதான், அடுத்த தெருப் பையனோடு மறுபடி பேச ஆரம்பித்துவிட்டதாகச் சொன்னான். அந்தப் பையன் யார், ஏன் பேசாமல் இருந்தார்கள் என்று நம் பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அறிக்கையில் எண்ணிக்கை இல்லாமல் முடியாது என்றால், எத்தனை லீடர்கள் இப்படி வீடு தேடிப் போனார்கள் என்று எழுதுங்கள். பஸ் காசைக் கமிட்டி கொடுத்தால் இன்னும் நாலு பேர் போவார்கள்.