பாட்டி பாஸா, ஃபெயிலா?

முதியவர்களின் தசை பலம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஒரு கருவியைக் கையால் இறுக்கி அளக்கும் கைப்பிடி அழுத்தம் ஆண்களுக்கு 27 கிலோ, பெண்களுக்கு 16 கிலோவுக்குக் கீழே போனால் தசை பலவீனம் என்று அதில் போட்டிருக்கிறீர்கள். அது முதுமையில் வரும் தசை இழப்புக்கான ஐரோப்பிய நிபுணர் குழுவின் கணக்கு. ஆசிய நிபுணர் குழு 2019-ல் வைத்த எல்லை ஆண்களுக்கு 28, பெண்களுக்கு 18. அதாவது 17 கிலோ அழுத்தும் ஒரு பாட்டி அங்கே பாஸ், ஆசியக் கணக்கில் ஃபெயில்!

எண்ணை விடுங்கள், அளக்கும் விதத்தில்தான் பெரிய கோளாறே. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, முழங்கையை உடம்போடு ஒட்டி 90 டிகிரி மடக்கி, மூச்சை அடக்காமல் அழுத்த வேண்டும். என் மாமியாருக்குப் பார்த்தபோது கருவியைத் தொடையில் ஊன்றிக்கொண்டு அமுக்கினார். பக்கத்தில் நின்றவர் பேசாமல் எண்ணை எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அப்புறம், கட்டைவிரல் மூட்டுத் தேய்மானம் இருப்பவர்கள் வலிக்குப் பயந்தே பாதிதான் அழுத்துவார்கள். கையில் மூட்டுவாதம், பழைய எலும்பு முறிவு என்றாலும் இதே கதைதான். அவர்களுக்கு நாற்காலிப் பரிசோதனை இருக்கிறது: கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 5 தடவை எழுந்து உட்கார வேண்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் டாக்டரிடம் காட்டுவது நல்லது. கருவியும் வேண்டாம், காசும் வேண்டாம். கட்டுரையில் இதற்கு ஒரு வரியாவது ஒதுக்கியிருக்கலாம்.