ஒரே 4.00, இரு வேறு அளவுகோல்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில், மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறையில் உள்ள எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு கைப்பேசிகள் அருகருகே கிடந்தன. ஒன்று என் தங்கை மகளுடையது. மற்றொன்று அவளைவிட ஒரு வயது இளையவனான என் அண்ணன் மகனுடையது. அவள் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்தில் ஒன்றரை ஆண்டு படித்து, அதன் தேர்வான எஸ்.டி.பி.எம். எழுதியவள். அவன் பல்கலைக்கழகத்துக்கான இன்னொரு வழியான மெட்ரிகுலேஷன் கல்லூரி ஒன்றில் ஓராண்டுப் படிப்பை முடித்தவன். வயது வேறாக இருந்தும், அரசாங்கப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யூ.பி.யூ. வரிசையில் இருவரும் ஒரே ஆண்டில் வந்து நின்றதற்கு இந்தக் கால அளவே காரணம். இருவரும் மருத்துவத்தையே முதல் விருப்பமாகப் போட்டிருந்தார்கள். அவனுக்குக் கிடைத்தது; அவளுக்கு நான்காவது விருப்பம் கிடைத்தது.

"பெரியம்மா, எனக்கு ஒரே ஒரு ஏ மைனஸ்தானே வந்தது?" என்று அவள் கேட்டாள். அழவில்லை. கணக்கைத்தான் கேட்டாள். அந்தக் கணக்கை நான் ஒரு பழைய உறையின் பின்புறத்தில் போட்டுக் காட்டினேன். எஸ்.டி.பி.எம். தேர்வில் நான்கு பாடங்கள். ஏ என்றால் 4.00, ஏ மைனஸ் என்றால் 3.67. மூன்று ஏ, ஓர் ஏ மைனஸ் என்றால் சராசரி 3.92. சேர்க்கையைத் தீர்மானிக்கும் மெரிட் புள்ளியில் கல்வித் தேர்ச்சிக்கு 90, புறப்பாட நடவடிக்கைக்கு 10. ஆகவே 3.92 என்பது 88.20 ஆகிறது. புறப்பாடத்தில் அவள் 9.60 எடுத்திருந்தாள், மொத்தம் 97.80. அண்ணன் மகன் 4.00 வாங்கியதால் முழு 90, புறப்பாடத்தில் 9.20, மொத்தம் 99.20. ஒரே ஓர் ஏ மைனஸ் 1.80 புள்ளியைத் தின்றுவிட்டது. ஐந்து ஆண்டுகள் சாரணர் இயக்கத்திலும் விவாத மேடையிலும் திரட்டிய சான்றிதழ்கள் அந்தப் பள்ளத்தை நிரப்பவில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் மகன் அந்த இடத்திற்குத் தகுதியற்றவன் என்று நான் எழுதவில்லை. விடுதியில் தங்கி, விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, சராசரி மாணவனுக்கு இரண்டு ஆண்டு தேவைப்படும் பாடத்தைப் பத்து மாதத்தில் விழுங்கியவன் அவன். மெட்ரிகுலேஷன் என்றாலே சுலபம் என்று முகநூலில் எழுதுபவர்கள், அந்தக் கல்லூரிகளின் வார நேர அட்டவணையை ஒரு முறையாவது பார்த்துவிட்டு எழுதலாம். இருபத்தாறு ஆண்டுகள் ஆறாம் படிவத்திற்கு வேதியியல் கற்பித்தவள் என்ற முறையில் எனக்கும் என் மாணவர்கள் பக்கம் ஒரு சாய்வு இருக்கிறது. அதை மறைக்கவும் விரும்பவில்லை.

என் கேள்வி வேறு. என் அம்மா காலத்தில் சந்தையில் காத்தியும் கிலோவும் சேர்ந்தே புழங்கின. ஒரு காத்தி என்பது ஏறக்குறைய 600 கிராம். கடைக்காரர் "மூன்று" என்று சொன்னால், "எதில் மூன்று?" என்று அம்மா உடனே கேட்பார். நாட்டின் மருத்துவப் படிப்புக்கு ஆள் எடுக்கும்போது அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஓர் அமைப்பு 4.00 என்கிறது, இன்னோர் அமைப்பும் 4.00 என்கிறது, இரண்டையும் அப்படியே 90 ஆக்கி ஒரே வரிசையில் அடுக்குகிறோம்.

எஸ்.டி.பி.எம். தேர்வை நடத்துவது மலேசியத் தேர்வு மன்றம். 2012இல் மூன்று தவணை முறை வந்த பிறகும், வினாத்தாளை அமைப்பதும் திருத்துவதும் பள்ளிக்கு வெளியே உள்ளவர்கள்தாம். நான் கற்பித்த காலத்தில் வேதியியலில் செய்முறைக்காகப் பள்ளி அளவில் கொடுக்கும் மதிப்பெண் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே. மெட்ரிகுலேஷன், கல்வி அமைச்சின் கீழ் உள்ள தனிப் பிரிவால் நடத்தப்படுவது; அதற்கென்று தனிப் பாடத்திட்டம், தனிப் பருவத் தேர்வு, தொடர் மதிப்பீடு. இரண்டில் எது உயர்ந்தது என்று பட்டிமன்றம் நடத்த எனக்கு விருப்பமில்லை. அன்று இரவு அந்த இரு பிள்ளைகளின் வேதியியல் பயிற்சித் தாள்களையும் வாங்கி அருகருகே வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் பஃபர் கரைசல் பற்றிய கேள்வி இருந்தது. ஒன்றில் அமிலத்தின் அளவையும் உப்பின் அளவையும் கொடுத்து, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். மதிப்பைப் படிப்படியாகக் கணக்கிடச் சொல்லியிருந்தார்கள். சூத்திரம் கைவந்தவன் ஆறு நிமிடத்தில் முடிப்பான். மற்றொன்றில் கணக்கு சிறியது. ஆனால் ஒரு துளி அமிலத்தைச் சேர்த்தால் ஏன் அந்த மதிப்பு பெரிதாக மாறுவதில்லை என்பதை வாக்கியங்களில் விளக்கச் சொல்லியிருந்தார்கள். முதலாவது வேகத்தையும் துல்லியத்தையும் சோதிக்கிறது, இரண்டாவது புரிதலையும் அதை எழுத்தில் வடிக்கும் திறமையையும் சோதிக்கிறது. மருத்துவருக்கு இரண்டும் வேண்டும். ஆனால் ஒன்றில் வாங்கிய ஏயும் மற்றதில் வாங்கிய ஏயும் ஒரே எடை என்று யார், எப்போது, எந்தத் தராசில் நிறுத்துப் பார்த்தார்கள்?

இதில் பலரும் கவனிக்காத ஒரு நுணுக்கம் இருக்கிறது. எஸ்.டி.பி.எம். சராசரி நான்கே நான்கு பாடங்களின் மேல் நிற்பது. ஒரு கால் சறுக்கினால் முழு மேசையும் ஆடும். மெட்ரிகுலேஷனில் இரு பருவத்திலும் சேர்த்துப் பாடங்கள் அதிகம். ஒவ்வொன்றுக்கும் அதன் எடையைக் குறிக்கும் அலகு (கிரெடிட்) கணக்கு உண்டு. அங்கே ஒரு பருவத்தில் ஒரு பாடத்தில் வரும் ஏ மைனஸ் சராசரியை உரசிவிட்டுப் போகும். இங்கே அதே ஏ மைனஸ் 0.08 புள்ளியை வெட்டி எடுத்துவிடும். இதற்கு மறுபக்கமும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எஸ்.டி.பி.எம். மாணவர் மூன்று தவணை மதிப்பெண்களும் சேர்ந்துதான் பாடத்தின் தரநிலையைப் பெறுகிறார். முதல் தவணையில் விழுந்ததைப் பின்னர் மறுதேர்வு எழுதி மீட்கவும் வாய்ப்புண்டு. அண்ணன் மகன் இதைச் சுட்டிக்காட்டி, "அத்தை, எங்களுக்கு அந்த வசதி இல்லையே" என்று சொன்னபோது என்னால் மறுக்க முடியவில்லை. அவனுக்கு ஓர் அநீதி, அவளுக்கு ஓர் அநீதி. இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும் என்று நம்புவதற்குத்தான் ஆதாரம் எதுவும் இல்லை.

2002இல் பல்கலைக்கழகச் சேர்க்கையில் இன ஒதுக்கீட்டுக்குப் பதிலாகத் தகுதி அடிப்படை அறிவிக்கப்பட்டபோது நான் மகிழ்ந்தவர்களில் ஒருத்தி. இரண்டே ஆண்டுகளில், 2004இல், எஸ்.டி.பி.எம். தேர்வில் 4.00 வாங்கிய 128 மாணவர்களுக்கு மருத்துவ இடம் மறுக்கப்பட்டதாகச் செய்தி வந்து நாடே கொதித்தது. அப்போது ஆசிரியர் அறையில் நாங்கள் பேசிக்கொண்டது நினைவிருக்கிறது: "முழு மதிப்பெண்ணுக்கு மேல் இனி என்னத்தை வாங்கச் சொல்வது?" முழுமதிப்பு வாங்கியவர்கள் இடங்களைவிட அதிகமாக இருந்தால் தேர்வு முடிவு யாரையும் பிரித்துக் காட்டுவதில்லை. 81 எடுத்தவரும் 99 எடுத்தவரும் அந்த 4.00 என்ற கூரையில் தலை இடித்து நிற்கிறார்கள். அதன் பிறகு தீர்மானிப்பது புறப்பாடத்தின் பத்துப் புள்ளியும் நேர்முகத் தேர்வும்தான். ஒரு சிறு தோட்டப்புறப் பள்ளியில் மாநில அளவிலான போட்டிக்குப் போக பேருந்து இல்லாத பிள்ளைக்கு அந்தப் பத்தில் எவ்வளவு கிடைக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

மெட்ரிகுலேஷன் இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்ராக்களுக்கு (மலாய்க்காரர்களுக்கும் பூர்வகுடியினருக்கும்), 10 விழுக்காடு மற்றவர்களுக்கு என்ற இன ஒதுக்கீட்டைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. ஆயினும் அதையும் இதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதே என் கருத்து. ஒதுக்கீடு கொள்கையாக அறிவிக்கப்பட்ட ஒன்று. 2019இல் மொத்த இடங்கள் 25,000இலிருந்து 40,000 ஆக உயர்த்தப்பட்டபோதும் அந்த விகிதம் மாறவில்லை. அது எல்லார் கண்ணிலும் படுகிறது. அதை எதிர்க்கலாம், ஆதரிக்கலாம், தேர்தலில் பேசலாம். தரநிலைகளைச் சமன் என்று வைத்துக்கொள்வது அப்படியல்ல. அது தசமப் புள்ளிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. அதைப் பார்த்துக் கோபப்படக்கூட ஒரு பெற்றோருக்குக் கணிதம் தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது.

ஓர் ஏ என்பது எது என்ற குழப்பம் ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம். மட்டத்திலேயே தொடங்கிவிட்டது. 2009 முதல் ஏ பிளஸ், ஏ, ஏ மைனஸ் என்று மூன்று ஏ இருக்கின்றன. 2024இல், பத்து ஏ அல்லது அதற்கு மேல் பெற்ற எல்லா இன மாணவர்களுக்கும் மெட்ரிகுலேஷனில் இடம் உண்டு என்று பிரதமர் அன்வார் அறிவித்தபோது நம் வீடுகளில் இனிப்பு வழங்காத குறைதான். அடுத்த ஆண்டே ஏ மைனஸ் அந்தக் கணக்கில் சேராது என்றார்கள். பள்ளி மேடையில் பத்து ஏ மாணவி என்று மாலை போட்டு அழைத்த அதே பிள்ளை, விண்ணப்பப் பாரத்தின் முன் எட்டு ஏ மாணவியாகிவிட்டாள்.

தனியார் கல்லூரிகளின் அடிப்படைப் (ஃபவுண்டேஷன்) படிப்பைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அங்கே சிக்கல் வெளிப்படையானது. மருத்துவம் சேர மலேசிய மருத்துவ மன்றம் அந்த வழிக்குக் கேட்கும் குறைந்தபட்சச் சராசரி 3.00. பாடம் நடத்துவதும் வினாத்தாள் அமைப்பதும் திருத்துவதும் அந்தக் கல்லூரியே. அந்த மாணவன் தேறினால் அடுத்த ஐந்தாண்டுக் கட்டணம் பல லட்சம் வெள்ளி போய்ச் சேருவதும் பெரும்பாலும் அதே நிறுவனத்துக்குத்தான். நேர்மையாக நடத்துபவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனால் நீதிபதியும் வாதியும் ஒருவரே என்ற அமைப்பில் நேர்மை அவரவர் மனசாட்சியைப் பொறுத்ததாகிவிடுகிறது.

இதற்கெல்லாம் ஒரே பொது நுழைவுத் தேர்வுதான் தீர்வு என்று நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். தமிழ்நாட்டைப் பார்த்த பிறகு எனக்கு அதில் தயக்கம். அங்கே வெவ்வேறு கல்வி வாரியங்களின் மதிப்பெண்களைச் சமன்செய்ய 2006ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வழி வகுத்திருந்தார்கள்: ஒவ்வொரு வாரியத்திலும் ஒரு பாடத்தில் எடுக்கப்பட்ட அதிகபட்ச மதிப்பெண்ணை, மாநில வாரியத்தின் அதிகபட்ச மதிப்பெண்ணுக்கு இணையாக வைத்து, மற்றவற்றை அந்த விகிதத்தில் உயர்த்துவது. எல்லா வாரியத்திலும் யாராவது ஒருவர் நூறு வாங்கிவிட்டால் அந்தச் சூத்திரத்திற்கு வேலை இல்லாமல் போய்விடும் என்பது அதன் பலவீனம். ஆனாலும் அளவுகோல்கள் வேறு என்பதை ஒரு சட்டம் எழுத்தில் ஒப்புக்கொண்டதே பெரிது. பின்னர் மருத்துவச் சேர்க்கைக்கான அகில இந்தியப் பொது நுழைவுத் தேர்வான நீட் வந்தது. பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடிந்தவர்கள் முந்துகிறார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்து, அரசுப் பள்ளி மாணவர்களுக்கென்று 2020இல் தனியாக 7.5 விழுக்காடு ஒதுக்க வேண்டி வந்தது. இங்கே அப்படி ஒரு தேர்வு வந்தால், அறிவிப்பு வெளியான மறுமாதமே ஜோர்ஜ்டவுனிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பயிற்சி மையப் பதாகைகள் தொங்கும். தோட்டப்புறத்துப் பிள்ளை அதற்கும் பேருந்து தேட வேண்டும்.

என்னைக் கேட்டால், முதலில் ஒவ்வொரு மாணவரையும் அவரவர் வழியிலேயே வரிசைப்படுத்தலாம். எஸ்.டி.பி.எம். அறிவியல் பிரிவில் இவர் நூற்றில் எத்தனையாவது, மெட்ரிகுலேஷனில் அவர் நூற்றில் எத்தனையாவது என்று பார்ப்பது, இரு 4.00களை ஒப்பிடுவதைவிட நியாயமானது. இதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு: எஸ்.டி.பி.எம். எழுதுவோரில் பெரும்பான்மையோர் கலைப்பிரிவினர். அறிவியலைத் தேர்ந்தெடுப்போர் சிறு கூட்டம், அவர்களில் பலர் பிடிவாதமான கெட்டிக்காரர்கள். அந்தக் கூட்டத்தில் பத்தாவது இடமும், பெரிய கூட்டத்தில் பத்தாவது இடமும் ஒன்றாகாது. சரிதான். அதனால்தான் இரண்டாவது ஒன்றையும் கேட்கிறேன். அரசாங்க மருத்துவக் கல்லூரி ஒவ்வொன்றிடமும், எந்த மாணவர் எந்த வழியில் வந்தார் என்ற பதிவும் அவரது முதலாண்டுத் தேர்வு முடிவும் இருக்கத்தான் வேண்டும். பெயர்களை நீக்கிவிட்டு, வழிவாரியாக அந்த முடிவுகளை ஆண்டுதோறும் வெளியிடட்டும். இரு தரப்பும் ஒரே மாதிரிதான் தேறுகிறார்கள் என்று தெரிந்தால், இத்தனை ஆண்டு முணுமுணுத்த என்னைப் போன்றவர்கள் வாயை மூடிக்கொள்வோம். மெட்ரிகுலேஷன் பிள்ளைகள் மீதுள்ள இளக்காரமும் ஒழியும். வேறுபாடு தெரிந்தால், எந்த அளவுக்குத் திருத்த வேண்டும் என்பதும் அந்த எண்களிலேயே இருக்கும். புதிய தேர்வோ புதிய அலுவலகமோ இதற்குத் தேவையில்லை.

தங்கை மகள் அந்த நான்காவது விருப்பத்தை ஏற்றுப் படித்து முடித்தாள். இன்று ஒரு மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் இரத்த மாதிரிகளைப் பரிசோதிக்கிறாள். அண்ணன் மகன் பயிற்சி மருத்துவன். குடும்ப விசேஷங்களில் இருவரும் வேலைக் கதைகளைப் பேசிச் சிரிப்பார்கள். அந்த மாலையை மட்டும் இருவரும் எடுப்பதில்லை.

இதை இப்போது எழுதக் காரணம், சென்ற வாரம் என் பழைய மாணவி ஒருத்தி தன் மகளுக்காக அழைத்ததுதான். "டீச்சர், மெட்ரிக்குலயும் இடம் கிடைச்சிருக்கு, ஃபார்ம் சிக்ஸும் போகலாம்னு இருக்கா. டாக்டர் ஆகணும்னா எது டீச்சர்?" என்று கேட்டாள். எனக்கு வேதியியல் தெரியும், இரு பாடத்திட்டமும் தெரியும், அவள் மகளையும் ஓரளவு தெரியும். ஆனாலும், எந்த வழியில் உழைத்தால் அந்த உழைப்பு உள்ளபடி எடைபோடப்படும் என்று சொல்ல என்னிடம் ஓர் எண்கூட இல்லை. கடைசியில், மகளுக்கு விளக்கி எழுதுவது பிடிக்குமா, வேகமாகக் கணக்குப் போடுவது பிடிக்குமா என்று கேட்டேன். அவள் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மகளிடம் கேட்டுச் சொல்வதாகக் கூறி வைத்துவிட்டாள்.