ஜெர்மன்காரர்கள் வந்த அன்றே மாறிவிட்டார்களாம்!

நேற்று முழுக்க ஓடிய அந்தப் பதிவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். யார் எழுதியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பூங்காவில் நம் ஆட்கள் தமிழில் சத்தமாகப் பேசியது அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. சரி, சத்தத்தைக் குறை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். "இந்த விஸ்கான்சின் மாநிலத்தைக் கட்டிய ஜெர்மன்காரர்களைப் பாருங்கள், சட்டப்படி வந்தார்கள், வந்ததுமே ஆங்கிலம் கற்று அமெரிக்கர்களாகவே மாறிவிட்டார்கள்" என்று வரலாற்று வகுப்பு வேறு எடுத்திருக்கிறார்.

அண்ணே, அவர்கள் மாறவில்லை. வந்ததும் மாறவில்லை, பலர் பிள்ளைகள் காலத்திலும் மாறவில்லை.

நம் பக்கத்து ஊரான வாட்டர்டவுனில் வாழ்ந்த கார்ல் ஷூர்ஸையே எடுத்துக்கொள்வோம். கொலோன் அருகே லிப்லாரில் 1829-ல் பிறந்தவர். 1848-ல் மன்னராட்சிக்கு எதிராக ஜெர்மனியில் வெடித்த புரட்சியில் சேர்ந்தார். 1849-ல் ராஸ்டாட் கோட்டையைப் பிரஷ்யப் படை வளைத்தபோது சாக்கடை வழியாகத் தப்பினார். அடுத்த வருடமே இன்னொருவர் பாஸ்போர்ட்டில் ஜெர்மனிக்குத் திரும்பி, ஸ்பாண்டாவ் சிறையில் கிடந்த தன் பேராசிரியர் கிங்கெலைக் கயிறு கட்டி இறக்கிக் கூட்டிக்கொண்டு போனார். இப்படிப்பட்டவர்தான் 1852-ல் இளம் மனைவியோடு நியூயார்க்கில் வந்து இறங்கினார். "சட்டப்படி வந்தார்" என்கிறீர்களே, விசா என்று ஒன்றே அன்றைக்குக் கிடையாது. இன்றைக்கு அவர் தூதரக ஜன்னல் முன்னால் இந்தக் கதையைச் சொல்லிப் பார்க்கட்டும், அப்புறம் பேசலாம்.

"ஆனால் அவர் ஆங்கிலம் கற்றாரே" என்று வருவீர்கள், தெரியும். கற்றார். செய்தித்தாளை வைத்துக்கொண்டு தானாகவே கற்று, பெரிய மேடைப் பேச்சாளர் ஆனார். யார் இல்லை என்றது? நாம் மட்டும் அலுவலகத்தில் சைகையிலா பேசுகிறோம்? என் கேள்வி, அவர் ஜெர்மனை விட்டாரா என்பதுதான். விடவில்லை. 1860-ல் லிங்கனுக்காக ஊர் ஊராகப் போய் ஜெர்மனில் ஓட்டுக் கேட்டார். லிங்கனே அதற்கு முந்தைய வருடம் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு ஜெர்மன் பத்திரிகையைச் சத்தமில்லாமல் வாங்கிப் போட்டிருந்தார்! பிறகு ஷூர்ஸ் செயின்ட் லூயிஸில் 'வெஸ்ட்லிஷே போஸ்ட்' என்ற ஜெர்மன் நாளிதழை நடத்தினார். அதை நடத்திக்கொண்டே 1869-ல் மிசௌரியின் செனட்டர் ஆனார், ஜெர்மனியில் பிறந்து அமெரிக்க செனட் சபைக்குள் நுழைந்த முதல் ஆள். 1877-ல் உள்துறைச் செயலர். வயதான காலத்தில் நினைவுகளை எழுத உட்கார்ந்தபோது முதல் பகுதியை எழுதியது எந்த மொழியில் என்று நினைக்கிறீர்கள்? ஜெர்மனில்தான், வந்து ஐம்பது வருடம் கழித்து.

அவர் மனைவி மார்கரெதே இன்னும் ஒரு படி மேல். 1856-ல் வாட்டர்டவுனில் தன் மகளையும் சொந்தக்காரப் பிள்ளைகள் சிலரையும் சேர்த்து ஒரு மழலையர் பள்ளி தொடங்கினார். அமெரிக்காவின் முதல் கிண்டர்கார்டன் அது. பாட்டு, விளையாட்டு, பேச்சு எல்லாம் ஜெர்மன்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. என் மகள் சின்னவளாக இருந்தபோது அவள் பள்ளியில் எங்களைக் கூப்பிட்டு, வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், பிள்ளை குழம்புகிறாள் என்றார்கள். நாங்களும் படித்தவர்கள் பேச்சு என்று தலையாட்டிவிட்டு வந்தோம். கொஞ்ச நாளில் என் அம்மா வீடியோ காலில் வந்தால் பிள்ளை எழுந்து போக ஆரம்பித்தாள். "அவளுக்கு நான் பேசறது புரியலையாடா?" என்று அம்மா கேட்டதற்கு நெட்வொர்க் சரியில்லை என்றேன். முதல் கிண்டர்கார்டனே ஜெர்மனில் நடந்த ஊருக்கு முக்கால் மணி நேரத் தொலைவில் இருந்துகொண்டு எங்களுக்கு இந்த அறிவுரை!

அடுத்து, "ஷூர்ஸ் பெரிய மனிதர், சாதாரண ஜெர்மன்காரர்கள் அப்படியில்லை" என்பீர்கள். ஹஸ்டிஸ்ஃபோர்ட் என்று இங்கே ஒரு சின்ன ஊர். 1910 கணக்கெடுப்பில் அங்கே கால்வாசிப் பேர் ஜெர்மன் மட்டுமே தெரியும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதில் இங்கேயே பிறந்தவர்களும் உண்டு. 1889-ல் இந்த மாநிலத்தில் பள்ளிப் பாடம் ஆங்கிலத்தில்தான் நடக்க வேண்டும் என்று பென்னட் சட்டம் வந்தபோது ஜெர்மன் புராட்டஸ்டண்டுகளான லூத்தரன்களும் கத்தோலிக்கர்களும் தங்கள் சண்டையை மறந்து ஒன்றாக நின்றார்கள். அடுத்த தேர்தலில் ஆட்சியே கவிழ்ந்தது, 1891-ல் சட்டம் ரத்து. இவர்களைத்தான் அண்ணன் "வாயை மூடிக்கொண்டு கலந்துவிட்டவர்கள்" என்கிறார்.

பிறகு எப்போதுதான் ஜெர்மனை விட்டார்கள்? முதல் உலகப் போர் ஒரு பெரிய காரணம். 1918-ல் அயோவா ஆளுநர் பொது இடத்திலும் தொலைபேசியிலும்கூட ஆங்கிலம் தவிர வேறு மொழி கூடாது என்று ஆணை போட்டார். அதே வருடம் இல்லினாயில் ராபர்ட் பிராகர் என்ற ஜெர்மன் குடியேறியை ஒரு கும்பல் தூக்கில் போட்டது. வாட்டர்டவுனின் கிண்டர்கார்டனும் ஜெர்மன் மொழிப் பிரச்சினையில்தான் மூடியது. அண்ணன் மெச்சிக்கொள்ளும் அந்த "மாற்றம்" இந்த வழியாகவும் வந்ததுதான். பயத்தில் வாயடைத்ததைப் பண்பாடு என்று பாராட்ட எப்படி மனம் வருகிறது?

ஒருவர் உள்பெட்டியில் வந்து, ஷூர்ஸ் செயலராக இருந்தபோதுதானே 1879-ல் கார்லைல் பள்ளி தொடங்கியது, பூர்வகுடிப் பிள்ளைகளின் மொழியைப் பறித்த பள்ளி, அவரைப் போய்த் தூக்கிப் பிடிக்கிறீர்களே என்றார். உண்மைதான். தன் வீட்டில் ஜெர்மனை வைத்துக்கொண்டு அடுத்தவர் பிள்ளைக்கு அவர்கள் தாய்மொழியை மறுத்திருக்கிறார். அதற்காக நான் அவரை வெள்ளையடிக்கப் போவதில்லை. இதுவும் என் பக்கம்தான் பேசுகிறது என்று வேண்டுமானால் சொல்வேன். அதற்கு மேல் இப்போது என்னால் முடியவில்லை, கோபம் வேறு இடத்தில் இருக்கிறது.

அந்தப் பதிவுக்கு இதயம் போட்டவர்கள் பட்டியலைப் பார்த்தேன். பொங்கலுக்கு என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள், தங்கள் பிள்ளைக்குத் தமிழ் வகுப்பு எங்கே நடக்கிறது என்று என்னிடம் கேட்டவர்கள் எல்லாம் அதில் இருக்கிறார்கள். ஒருவரையும் நான் நண்பர் பட்டியலிலிருந்து நீக்கவில்லை. வகுப்பு இந்த ஞாயிறும் உண்டு, அதே நேரம். அண்ணன் தன் பேரனைக் கூட்டி வந்தாலும் சேர்த்துக்கொள்வோம்.