நல்லதங்காள் கேட்டு வளர்ந்த காது
டேனியல் ஹேண்ட்லர், லெமனி ஸ்னிக்கெட் என்ற புனைபெயரில் எழுதிய ‘எ சீரிஸ் ஆஃப் அன்ஃபார்ச்சுனேட் ஈவன்ட்ஸ்’ வரிசையின் 13 புத்தகங்களில் (1999–2006) அநாதைப் பிள்ளைகள் படும் பாட்டைக் குழந்தைகள் எப்படிச் சிரித்தபடி படிக்கிறார்கள் என்று நான் படித்த ஒரு கட்டுரை வியக்கிறது. எனக்கு வியப்பில்லை. நல்லதங்காள் தன் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளிய கதையைச் சொல்லித்தான் மன்னார்குடியில் எங்கள் அப்பாயி சோறு ஊட்டும்.

2018 கஜா புயலுக்கு அப்புறம், கரண்ட் இல்லாத ராத்திரிகளில் முதல் புத்தகத்தை மகளுக்குத் தமிழில் சொன்னேன். கொல்லையில் தென்னைகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. சொத்துக்காகப் பிள்ளைகளை வளைக்கும் கவுண்ட் ஓலஃப் வரும்போதெல்லாம், “நம்ம பங்காளித் தாத்தா மாதிரியே இருக்காரு” என்று மெழுகுவத்தி அணையும் அளவுக்குச் சிரித்தாள். முதல் பக்கத்திலேயே வேறு புத்தகம் படிக்கச் சொல்லி ஆசிரியரே விரட்டுகிறார். அப்படிச் சொன்னால் எந்தப் பிள்ளை கீழே வைக்கும்?