பில் விதர்ஸ் எதையும் வீணடிக்கவில்லை

'திறமையை வீணடித்த பாடகர்கள்' என்று இந்த வாரம் எல்லோரும் பகிர்ந்துகொண்டிருக்கும் காணொளியில் அமெரிக்கப் பாடகரும் பாடலாசிரியருமான பில் விதர்ஸின் படத்தையும் சேர்த்திருக்கிறார்கள். கடந்துபோய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் இசையைப் பற்றி நான் மதிக்கும் நண்பர்கள் சிலரே அதன் கீழே 'உண்மைதான், சோம்பேறி மனிதர்' என்று எழுதியிருப்பதைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க மனம் வரவில்லை. பில் விதர்ஸ் எதையும் வீணடிக்கவில்லை. பாடுவதை நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான். நிறுத்துவதற்கு அவருக்கு உரிமையும் இருந்தது, காரணமும் இருந்தது.

சோம்பேறி என்று சொல்பவர்கள் அவர் எங்கிருந்து வந்தார் என்பதைக் கொஞ்சம் பார்க்கட்டும். 1938இல் மேற்கு வர்ஜீனியாவின் ஸ்லாப் ஃபோர்க் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தார். பதின்மூன்று வயதில் தந்தையை இழந்தார். ஒன்பது ஆண்டுகள் கடற்படையில் இருந்தார். பிறகு லாஸ் ஏஞ்சலிஸுக்கு வந்து, விமானங்களுக்கான கழிப்பறைகளைத் தயாரிக்கும் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே, தம் கைக்காசைச் செலவழித்து மாதிரிப் பதிவுகள் செய்தார். 1971இல் முதல் ஆல்பம் வெளிவந்தபோது அவருக்கு 32 வயது. அதன் அட்டையில் சாப்பாட்டுப் பெட்டியைக் கையில் பிடித்தபடி அவர் நிற்பது அந்தத் தொழிற்சாலையின் வாசலில்தான். இசைத்தொழிலை நம்ப முடியாது என்று கருதியதால் ஆல்பம் வந்த பிறகும் வேலையை அவர் உடனே விடவில்லை. அந்த எச்சரிக்கை எவ்வளவு சரியானது என்பது பிறகு தெரிந்தது.

'எய்ன்ட் நோ சன்ஷைன்' பாடலில் ஒரே சொற்றொடரை 26 முறை அடுக்கிப் பாடுகிறாரே, அந்த இடத்தில் வேறு வரிகளை எழுதி நிரப்ப வேண்டும் என்றுதான் அவர் எண்ணியிருந்தார். தயாரிப்பாளர் புக்கர் டி. ஜோன்ஸும் உடனிருந்த இசைக்கலைஞர்களும் அப்படியே விட்டுவிடச் சொன்னார்கள். அது கிராமி விருது பெற்றது. அடுத்த ஆண்டு 'லீன் ஆன் மீ' அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதே 1972இல் கார்னகி அரங்கத்தில் நடந்த கச்சேரியின் பதிவைக் கேளுங்கள். வியட்நாம் போரில் வலக்கையை இழந்த ஓர் இளைஞனின் குரலில் அவர் பாடும் பாடல் அதில் இருக்கிறது. அதைக் கேட்ட பிறகும் 'வீண்' என்ற சொல் ஒருவரின் வாயில் வருமானால், அவரோடு பேச என்னிடம் எதுவும் இல்லை.

அவரது ஆல்பங்களை வெளியிட்ட முதல் இசை நிறுவனமான சஸ்ஸெக்ஸ் 1975இல் மூடப்பட்டது. அடுத்துப் போன இடம் கொலம்பியா இசை நிறுவனம். அங்கே 'லவ்லி டே' போன்ற பாடல் வந்தது என்பது உண்மைதான். ஆனால் அந்நிறுவனத்தின் அதிகாரிகள் அவர் எழுதிக் கொண்டுபோன பாடல்களைத் தள்ளினார்கள். எல்விஸ் பிரெஸ்லியின் 'இன் தி கெட்டோ'வைப் பாடுமாறு ஒருவர் அவருக்கு யோசனை சொன்னார். சேரியைப் பற்றி ஒரு வெள்ளைக்காரர் பாடிப் புகழ்பெற்ற பாட்டை, சுரங்க ஊரின் கறுப்பினத் தொழிலாளி வீட்டுப் பிள்ளையிடம் பாடச் சொன்னார்கள். இதன் அவமானம் புரியாதவர்களுக்கு எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. 1978க்குப் பிறகு 1985 வரை அவருடைய சொந்த ஆல்பம் ஒன்றுகூட வெளிவரவில்லை. இடையில் சாக்ஸஃபோன் கலைஞர் குரோவர் வாஷிங்டனோடு சேர்ந்து 'ஜஸ்ட் தி டூ ஆஃப் அஸ்' பாடினார். அதற்கும் கிராமி கிடைத்தது. பாட்டு வற்றிப்போன மனிதருக்கா இப்படி நடக்கும்?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்று சிலர் கேட்கலாம். எனக்குத் திக்கும். பள்ளியில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொல்லும் நாள்களில் காலையிலேயே வயிறு கலங்கிவிடும். கேலி செய்தவர்களைக்கூட மறந்துவிட்டேன். என் வாக்கியத்தை எனக்காக முடித்துவைத்தவர்களை மறக்க முடியவில்லை. அவர்கள் நல்லவர்கள், அவசரக்காரர்கள். நான் சொல்ல வந்தது அதுவல்ல என்று சொல்வதற்குள் பேச்சு வேறிடம் போயிருக்கும். பில் விதர்ஸுக்கும் சிறுவயது முதல் திக்கல் இருந்தது. 28 வயதுவரை பேச்சு தமக்குப் பெரும்பாடாக இருந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். 2009இல் வந்த 'ஸ்டில் பில்' ஆவணப்படத்தில் திக்கிப் பேசும் பிள்ளைகளின் நாடகக் குழுவைச் சந்திக்கும்போது அவர் அழுதுவிடுகிறார். அவ்வளவு பாடுபட்டுத் தம் சொல்லைத் தாமே சொல்லக் கற்றுக்கொண்ட ஒருவரிடம், 'நீ இதைப் பாடு, இப்படிப் பாடு' என்று அந்த நிறுவனம் சொன்னது, அவருடைய வாக்கியத்தை அவருக்காக முடித்துவைத்ததுதான். நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

'வேறு நிறுவனத்துக்குப் போயிருக்கலாமே' என்பீர்கள். ஒப்பந்தம் என்று ஒன்று இருந்தது என்பதை முதலில் நினைவில் வையுங்கள். 'பணம் வந்துகொண்டிருந்ததால் விட முடிந்தது' என்பதில் நியாயம் இருக்கிறது. தம் பாடல்களின் பதிப்புரிமை விவகாரங்களை வெளியாரிடம் விடாமல், மனைவி மார்சியாவின் பொறுப்பில் அவர் குடும்பத்துக்குள்ளேயே வைத்திருந்தார். 1987இல் கிளப் நூவோ குழுவினர் 'லீன் ஆன் மீ'யைப் பாடி மறுபடியும் முதலிடத்துக்குக் கொண்டுவந்தபோது, பாடலாசிரியராக அவருக்கு இன்னொரு கிராமி கிடைத்தது. எல்லாக் கலைஞர்களுக்கும் இந்த வசதி அமையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வசதி இருந்தும் அவமானத்தைப் பொறுத்துக்கொண்டு பாடியிருக்க வேண்டும் என்று கேட்பதற்கு நாம் யார்? 'ரசிகர்களுக்கு நட்டம்' என்ற வாதத்துக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. பிள்ளைகளை வளர்த்தார், வீட்டில் இருந்தார், மேடை ஏறாமலே வாழ்ந்தார். 1985 ஆல்பத்துக்குப் பிறகான அந்த முப்பத்தைந்து ஆண்டுகளும் ரசிகர்களுக்குச் சொந்தமானவை அல்ல.

'உள்ளுக்குள் வருந்தியிருப்பார்' என்று ஒருவர் மிக உறுதியாக எழுதியிருக்கிறார். 2015இல் ராக் அண்ட் ரோல் புகழ்மன்றத்தில் அவரைச் சேர்த்தார்கள். அறிமுகம் செய்துவைத்தவர் ஸ்டீவி வொண்டர். 76 வயதில் அந்த மேடையில் நின்று, எதிரே இருந்த கூட்டத்தை அடுத்தடுத்துச் சிரிக்கவைத்து அவர் பேசிய பேச்சு இணையத்தில் கிடைக்கிறது. அதில் வருத்தம் எந்த நிமிடத்தில் தெரிகிறது என்று அந்த நண்பர் கீழே குறிப்பிடட்டும்.